பொங்குமாங்கடல் – குடிநோயும் தலைமுறைத் துயரமும்



குற்றாலப் பேரருவியில் நீராடாதவர் இவ்வவையில் இருத்தல் அரிது. ஆயினும் நீராடுவோருள் பலர் அண்ணாந்து நோக்க மறந்துவிடும் இடமொன்று அவ்வருவியின் நடுவே உண்டு. மலைமுகட்டிலிருந்து இழியும் சிற்றாற்று நீர் நேரே தரையில் வந்து வீழ்வதில்லை. இடைவழியில் பாறையில் அமைந்த ஆழ்ந்த பள்ளமொன்றில் வீழ்ந்து, பொங்கிச் சுழன்று, வேகம் தணிந்த பின்னரே அது கீழிறங்குகின்றது. அப்பள்ளத்திற்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். அஃது இல்லையேல் அருவியின் கீழ் ஒருவரும் நிற்கவியலாது. கொல்லும் நீரைக் குளிர்விக்கும் நீராக மாற்றித் தருவது அந்தப் பள்ளமே.

இவ்வூரார் நன்கறிந்த செய்தி இன்னொன்றும் உண்டு. தென்காசித் தெருக்களில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் வேளையிலேயே அருவியில் வெள்ளம் பெருக்கெடுப்பதுண்டு. மழை எங்கோ மேலே, கண்ணுக்கெட்டாத காட்டில் பெய்திருக்கும். கீழே நிற்பவர் தாம் கண்டிராத மழையால் அடித்துச் செல்லப்படுவர்.

குடும்பங்களிலும் இதுவே நிகழ்கின்றது. பாட்டன் காலத்தில் பெய்த துயரம் பேரனின் தலைமேல் வந்து விழுகின்றது. எங்கிருந்து வந்ததென்று அவன் அறியான். அறிந்தவர் சொல்வதும் இல்லை. அவ்வெள்ளத்தைத் தாங்கி, அதன் வேகத்தை உடைத்து, அடுத்த தலைமுறைக்கு வாழும் நீராக இறக்கித் தருகின்ற பொங்குமாங்கடல் எது என்பதே இவ்வுரையின் பொருள்.

குடியும் குடியும்

தமிழில் குடி என்னும் சொல் இருபொருள் தருவது. பருகுதலைக் குறிப்பதும் அதுவே. குலத்தையும் குடும்பத்தையும் குறிப்பதும் அதுவே. குடி குடியைக் கெடுக்கும் என்று மதுக்கடைகளின் பலகையிலும் புட்டியின் மேலும் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த எச்சரிக்கை, எழுதியவர் எண்ணியதினும் ஆழமான உண்மையைத் தாங்கியிருந்தது. கெடுவது குடிப்பவனின் ஈரல் மட்டுமன்று. அவனுக்குப் பின் வரும் வழிமுறையும் ஆகும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரத்திலும் குடிசெயல்வகையை 103ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும். பின்னதில் 1029ஆம் குறள், தன் குடும்பத்திற்கு வரும் குற்றத்தை மறைப்பவனுடைய உடம்பு துன்பத்திற்கே கொள்கலமோ என்று வினவுகின்றது. மறைத்தல் என்பதற்கு, துன்பம் வாராமல் காத்தல் என்று பொருள் கொண்டு, குடியைக் காக்கும் பெருமகனின் அருமையைக் கூறுவதாக உரையாசிரியர் விளக்குவர். அது தக்க உரையே. எனினும் குடிநோயாளியின் வீட்டை அறிந்தவர்க்கு அக்குறளின் நேர்ப்பொருளும் நெஞ்சைத் தைக்கும். குடும்பத்தின் குற்றத்தை ஊரார் கண்ணில் படாமல் மறைத்து மறைத்தே துன்பத்தின் கொள்கலமாகிப்போன மனைவியரும் மக்களும் எத்தனை பேர்!

பேசாத வீடு

தென்காசி, கடையநல்லூர், பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றாத தெருவைக் காண்பது அரிது. மடியில் முறத்தை வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூலால் கட்டும் பெண்களின் விரல்களே பல வீடுகளின் அடுப்பை எரிய வைக்கின்றன. கணவனின் கூலி வீடு வந்து சேராத இல்லங்களில் அவ்விரல்கள் இரவிலும் ஓய்வதில்லை. அத்தகைய ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். மூத்த மகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுத் தாயின் முறத்தருகே அமர்கின்றாள். தம்பியைத் தூங்க வைப்பவள் அவள். தந்தையின் செருப்போசையை வைத்தே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்பதைக் கணிப்பவளும் அவள். மறுநாள் பள்ளியில் கன்னத்து வீக்கத்தைப் பற்றிக் கேட்டால், விழுந்துவிட்டேன் என்பாள். எவரும் கற்பிக்காமலே அவள் கற்றுக்கொண்ட விடை அது.

குடிநோயாளிகளின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கிளாடியா பிளாக் 1981-இல் வெளியிட்ட நூலில், இத்தகைய வீடுகளை மூன்று எழுதாச் சட்டங்கள் ஆள்கின்றன என்றார். பேசாதே, நம்பாதே, உணராதே. வீட்டில் நடப்பதை வெளியில் சொல்லாதே. எவர் வாக்கையும் நம்பாதே. வலித்தாலும் வலிப்பதாக உணராதே. இச்சட்டங்களின் கீழ் வளரும் பிள்ளை பிழைத்துக்கொள்கின்றது என்பது உண்மை. ஆனால் வளர்ந்து தானொரு குடும்பம் அமைக்கும்போதும் அதே சட்டங்களையே சீதனமாகக் கொண்டு செல்கின்றது. தந்தை குடித்ததால் குடியை வெறுத்த மகன் குடிக்கத் தொடங்குவதும், குடிகாரத் தந்தையால் அல்லலுற்ற மகள் குடிகாரக் கணவனின் வீட்டிலும் அதே மௌனத்தைக் காப்பதும் விதியன்று, பயிற்சியின் விளைவு.

இதற்கு மருத்துவச் சான்றும் உண்டு. குடிநோய்க்கு ஆளாகும் இயல்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது என ஆய்வாளர் கணிக்கின்றனர். எஞ்சிய பாதி வாழ்க்கைச் சூழலால் அமைவது. 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்தம் இளமைத் துன்பங்களைக் கேட்டறிந்து வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. அடியுண்டு வளர்தல், தாய் அடிபடக் காணுதல், குடிநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்தல் போன்ற துன்ப வகைகளுள் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, குடிநோயும் போதைநோயும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் நேரும் வாய்ப்பு, எத்துன்பமும் படாதவர்களைக் காட்டிலும் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுதி என அது காட்டிற்று. இது தலையெழுத்து அன்று, வாய்ப்புக் கணக்கே. அத்தகைய இளமையைக் கடந்து நலமாக வாழ்வோரும் பலர். ஆயினும், மேலே பெய்த மழையே கீழே வெள்ளமாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு கைம்பெண்ணின் விடை

செல்வம் இருந்தால் இத்துயரம் அணுகாது என்று கருதுவோர் உண்டு. இந்திய நிதியமைச்சராக விளங்கிய டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் என்னும் இளைஞர் 1979-இல் குடிநோயால் மாண்டார். பொருளுக்கும் புகழுக்கும் குறைவில்லாத அக்குடும்பத்தாலும் அவரைக் காக்க இயலவில்லை. குடி ஒரு நோயென்று ஏற்று முறையாகச் சிகிச்சை தரும் இடத்தைத் தமிழகத்தில் தேடிக் காண்பது அன்று அரிதாக இருந்தது.

அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அப்போது இளம்பெண். இத்தகைய இழப்பைக் குடும்பத்தின் மானத்தைக் கருதி மூடி மறைப்பதே அந்நாளைய வழக்கம். நெஞ்சுவலி என்றோ மஞ்சள்காமாலை என்றோ சொல்லி முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1980-இல் கணவரின் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கிக் குடிநோய்க்கும் போதைநோய்க்கும் சிகிச்சை தரலானார். பேசாதே என்னும் முதற்சட்டம் அந்தப் பெயர்ப்பலகையிலேயே உடைந்தது. கணவர் எந்நோயால் மாண்டாரோ அந்நோயின் மருத்துவமனைக்கே அவர் பெயரைச் சூட்டுவது எளிய துணிவன்று. இப்பணிக்காக 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1999-இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தது.

அந்நிறுவனம் கற்பித்த பாடங்களுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று, குடிநோயாளிக்கு மட்டும் சிகிச்சை தந்து வீட்டிற்கு அனுப்பினால் போதாது. மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியே ஆலோசனைத் திட்டம் வேண்டும் என்பது. நோயாளி ஒருவர், நோயுற்றது குடும்பம். மற்றொன்று, நகரத்து மருத்துவமனைக்கு வரவியலாத ஏழை உழவர்களுக்காகச் சிகிச்சையே ஊர் தேடிச் செல்ல வேண்டும் என்பது. 1980களின் இறுதியிலிருந்து காவிரிப் படுகையில் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் அவ்வூர்ப் பெரியவர்களின் துணையோடு முகாம்கள் நடத்தப்பட்டன. ஊரே சேர்ந்து ஒருவனைக் குடிக்க வைப்பது உண்டெனில், ஊரே சேர்ந்து அவனை மீட்பதும் கூடும் என்பதற்கு அம்முகாம்கள் சான்று.

வள்ளுவர் காட்டும் இரு படிகள்

இச்சிகிச்சையின் முறையை வள்ளுவரின் இரு குறள்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

கள்ளுண்டு களித்திருப்பவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போலாகும் என்கின்றது 929ஆம் குறள். இது முதற்படி. போதை உடலில் இருக்கும்வரை அறிவுரை பயனற்றது. முதலில் உடலிலிருந்து மது நீங்க வேண்டும். ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறாகலாம். கைநடுக்கமும் வியர்வையும் முதலில் தோன்றும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். பின்னர் இல்லாதது தெரிவதும் கேட்பதுமாகிய பெருங்குழப்பம் நேரலாம். ஆகவே அறையில் பூட்டி வைப்பதும், பெயரறியாப் பொடிகளைச் சோற்றில் கலந்து தருவதும் பெருந்தீங்கு. மனம் பேதலித்தவரைக் குற்றாலத்திற்கு அழைத்து வந்து அருவியில் நிறுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததை இவ்வூரார் அறிவர். அருவி உடலுக்கு இதமளிக்கும். நோய்க்கு மருத்துவர் வேண்டும். சங்கிலியால் பிணிப்பது சிகிச்சையாகாது என்பதை ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று தீக்கிரையான 28 உயிர்கள் நாட்டிற்கு உணர்த்தின.

அடுத்த குறளாகிய 930 இரண்டாம் படியைக் காட்டுகின்றது. தான் உண்ணாதிருக்கும் வேளையில் உண்டு களித்த மற்றொருவனைக் காண்பவன், தான் உண்டபோது உற்ற சோர்வை எண்ணிப் பார்க்கமாட்டானோ என்று அது வினவுகின்றது. ஒரு குடிநோயாளிக்குக் கண்ணாடியாக அமையத் தக்கவர் இன்னொரு குடிநோயாளியே என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் தத்தம் குடிக்கதையை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-இல் உருவாயிற்று. தமிழகத்திலும் பல ஊர்களில் இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. அங்கே எவரும் எவருக்கும் உபதேசம் செய்வதில்லை. தன் கதையைச் சொல்கின்றார், பிறர் கதையைக் கேட்கின்றார். அவ்வளவே.

இந்தக் கேட்டல் குற்றாலத்திற்குப் புதிதன்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் வசந்தவல்லியின் தோழியர் செய்த குளிர்ச்சி உபசாரங்கள் எவையும் அவள் நோயைத் தணிக்கவில்லை. மலையிலிருந்து வந்த குறத்தி கையைப் பற்றி, உள்ளத்தில் உள்ளது இன்னதென்று வாய்விட்டுச் சொன்ன பின்னரே அவளுக்கு ஆறுதல் பிறக்கின்றது. அது காதல்நோய், இது வேறு. ஆயினும் பெயரிடப்படாத நோய் தீர்வதில்லை என்பது இரண்டிற்கும் பொது. குடிநோய்ச் சிகிச்சையின் ஆலோசகர் செய்வதும் இதுவே. மறுபடியும் ஒருமுறை குடித்துவிட்டவனை அவர் தோற்றவன் என்று விரட்டுவதில்லை. எந்த வேளை, எந்தக் கூட்டாளி, எந்த நினைவு அவனைக் கடைக்கு இழுத்தது என்று அவனோடு சேர்ந்து தேடுகின்றார். அத்தேடலில் பல வேளைகளில் தந்தையின் பிரம்பும் தாயின் அழுகையும் வெளிப்படும்.

ஏன் குடிக்கின்றான் என்னும் கேள்வி

இதுவரை கூறியது வீட்டின் கதை. ஆனால் எல்லாத் துயரமும் வீட்டிற்குள்ளேயே பிறப்பதில்லை. இதனை விளக்கப் பெஜவாடா வில்சனின் வாழ்க்கையைக் காட்டிலும் பொருத்தமான சான்று இல்லை எனலாம்.

தமிழர் பெருந்தொகையாக வாழும் கோலார் தங்கவயலில் 1966-இல், உலர் கழிப்பிடங்களில் மலம் அள்ளும் தொழிலுக்குத் தள்ளப்பட்ட குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தம் தொழில் இன்னதென்பதைப் பெற்றோர் அவரிடம் சொல்லவே கூசினர்; வளர்ந்த பின்னரே அவர் அறிந்தார். அங்கும் அதே சட்டம்: பேசாதே. படிப்பை முடித்துத் தம் மக்களிடையே தொண்டு செய்யப் புகுந்த அவர், முதலில் கண்ட கேடு குடி. குடிக்காதீர்கள் என்று ஆடவர்களுக்கு அறிவுரை கூறலானார். குடிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதே அவர்கள் தந்த விடை. அவ்வேலையை நேரில் காணச் சென்றார். மலக்குழிக்குள் விழுந்த வாளியை ஒருவர் வெறுங்கையால் துழாவி எடுக்கக் கண்டு, அங்கேயே அமர்ந்து அழுதார்.

அன்றோடு அவர் பணியின் திசை மாறிற்று. குடியை நிறுத்தச் சொல்வதற்கு முன்னர், குடிக்க வைக்கும் கொடுமையை நிறுத்த வேண்டும் என்று தெளிந்தார். சுரங்க நிருவாகத்திற்குக் கடிதங்கள் எழுதினார். தங்கவயலின் உலர் கழிப்பிடங்கள் ஒழிந்தன. ஆட்சிப் பணியாளர் எஸ்.ஆர். சங்கரன் போன்றோருடன் இணைந்து 1990களின் நடுப்பகுதியில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தை உருவாக்கினார். 1993-இல் இயற்றப்பட்டும் ஏட்டளவில் கிடந்த தடைச்சட்டத்தைச் செயற்படுத்தக் கோரி அவ்வியக்கம் 2003-இல் உச்சநீதிமன்றத்தை நாடிற்று. 2013-இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று அளித்த தீர்ப்பில், 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. வில்சனுக்கு 2016-இல் மகசேசே விருது கிடைத்தது. குழிகளில் சாவுகள் இன்னும் நின்றபாடில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? மூக்கை மூடிக்கொள்ள இயலாதவன் அறிவை மூடிக்கொள்கின்றான். இழிவைத் தாங்க வேண்டுமென்று ஒரு குலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பணித்துவிட்டு, அவர்கள் குடிக்கின்றார்கள் என்று பழிப்பது இரட்டைக் கொடுமை. குடிநோய் ஆலோசகர் தம் முன் அமர்ந்திருப்பவனிடம், ஏன் குடிக்கின்றாய் என்று கேட்கும்போது, அக்கேள்வியின் விடை சிலவேளை அவனிடம் இல்லை, ஊரிடம் இருக்கின்றது. சமூகநீதி இல்லாத சிகிச்சை, மேலே மடையைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே நீரை இறைப்பது போன்றது.

ஒரு சிறுமி சொன்ன சொல்

கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஒரு சான்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஆல்கலி லேக் என்னும் சிற்றூர் உண்டு. அங்கு வாழ்வோர் அம்மண்ணின் தொல்குடியினர். அவர்களுடைய பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்த கொள்கையைக் கனடிய அரசு நெடுங்காலம் பின்பற்றிற்று. அப்பள்ளிகளில் அடியும் அவமானமும் அதனினும் கொடியவையும் பட்டுத் திரும்பியவர்கள், தாமே பெற்றோரானபோது பிள்ளையைக் கொஞ்சும் வகையை அறியாதவர்களாக இருந்தனர். 1960களில் அவ்வூரில் குடிக்காத வீட்டைக் காண்பதே அரிதாயிற்று.

1972-இல் ஃபிலிஸ் செல்சி என்னும் தாய், பாட்டி வீட்டில் விட்டிருந்த பிள்ளைகளை அழைத்து வரச் சென்றார். நீங்கள் குடிக்கின்றீர்கள், நான் வரமாட்டேன் என்று அவருடைய சிறுமகள் மறுத்துவிட்டாள். அச்சொல் தாயைத் தைத்தது. அன்று குடியை விட்டார். பின்னர்க் கணவர் ஆண்டி செல்சியும் விட்டார், ஊர்த்தலைவரானார், திருட்டுத்தனமாக மது விற்றவர்களைத் தடுத்தார். ஒருவர் பின் ஒருவராகச் சிகிச்சைக்குச் செல்ல, திரும்பி வந்தவர்களுக்கு ஊரார் துணைநின்றனர். 1980களின் நடுப்பகுதியில் அவ்வூரில் பெரும்பாலோர் குடியை விட்டவர்களாயினர். குடி நீங்கிய பின்னரே, அதுவரை எவரும் வாய்திறந்து சொல்லாத விடுதிப் பள்ளிக் கொடுமைகள் வெளிவந்தன. மௌனம் கலைந்தது, நீதி கேட்கும் குரல் எழுந்தது. 2008 ஜூன் 11 அன்று கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் தொல்குடியினரிடம் மன்னிப்புக் கோரினார்.

தங்கவயலில் நீதிக்கான போராட்டம் குடிக்கு எதிரான அறிவுரையிலிருந்து பிறந்தது; ஆல்கலி லேக்கில் குடியை விட்டதிலிருந்து நீதிக்கான குரல் பிறந்தது. எந்த வாயிலில் நுழைந்தாலும் மற்றொன்றின் வழியாகவே வெளிவர வேண்டியிருக்கின்றது.

திறந்த கடைகளும் மூடிய கதவுகளும்

தமிழகத்தில் இச்சிக்கல் பெரும்பாலும் கடையைத் திறப்பதா மூடுவதா என்னும் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றனர். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடியும் நீங்கிற்று. 1983-இல் டாஸ்மாக் தோன்றியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023–24ஆம் நிதியாண்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது.

கடைகளைக் குறைப்பது தேவையன்று என்பது இதன் கருத்தன்று. கண்ணெதிரே கடை இல்லாதிருப்பது மீண்டுவந்தவனுக்குப் பெருந்துணை. ஆனால் கடை மூடியிருந்த காலத்திலும் திறந்திருந்த காலத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை: அடைத்த கதவுகளுக்குப் பின்னே இருந்த வீட்டின் காயத்தை எவரும் கணக்கில் கொள்ளவில்லை. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவால் தீங்குறும் நிலையிலும் அதற்கு அடிமையான நிலையிலும் இருப்போர் ஏறத்தாழ 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிட்டியிருக்கின்றது. 37 பேர் வெள்ளத்தோடு செல்கின்றனர்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் படிப்புக்கும் வாழ்வுக்கும் அரசு அறிவித்த உதவி தேவையானதே. ஆயினும் அப்பிள்ளைகளோடு அமர்ந்து, அவ்விரவில் அவர்கள் கண்டதைப் பேச வைத்து, கேட்கும் செவிகள் எத்தனை? 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைகளையும் தன் எல்லைக்குள் கொண்டுள்ளது. ஆகவே சிகிச்சை பெறுவது கருணையன்று, உரிமை. நாட்டின் போதை மீட்பு உதவி எண் 14446; மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416. பள்ளிச் சுவர்களில் எழுதி வைக்கத் தக்க எண்கள் இவை.

இலக்கியம் செய்யக் கூடியது

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் என்ன இடம் என்று கேட்கலாம். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. சாராயத்தால் சீரழியும் குடும்பத்தைப் பற்றிய பாடமொன்று முதியோருக்கான அந்தப் பாடநூலில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த துபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள், அது தம் கதையே என்று கண்டனர். புத்தகத்தை மூடிவிட்டுச் சாராயக் கடையை மூடச் சென்றனர். அத்தீ மாநிலம் முழுவதும் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராய விற்பனை தடைசெய்யப்பட்டது. பேசாதே என்னும் சட்டத்தை ஒரு பாடம் உடைத்துவிட்டது. தன் வீட்டுத் துயரம் தன் வீட்டிற்கு மட்டும் உரியதன்று என்று ஒருவருக்கு உணர்த்துவதே இலக்கியத்தின் முதற்பணி. இவ்வட்டத்தின் கூட்டமொன்றில் கதை வாசிக்கப்படும் வேளையில், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண் நிமிர்ந்து பார்ப்பாளாயின், அப்பணி தொடங்கிவிட்டது என்று பொருள்.

நிறைவாக, அனைவரும் நாள்தோறும் காணும் தென்காசிக் கோபுரத்தின் நிழலுக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் அங்கே கல்லில் ஒரு செய்யுளைப் பொறித்து வைத்தான். தன் வெற்றிகளைப் பற்றியதன்று அச்செய்யுள். இக்கோயிலுக்கு என்றேனும் ஒரு குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவர் அடிகளை அனைவரும் அறியப் பணிகின்றேன் என்பது அதன் கருத்து. முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத ஒருவரின் காலில் விழுகின்றான். தான் கட்டியதிலும் குறை வரும் என்பதை அவன் அறிந்திருந்தான். பழுது பார்ப்பவர் கட்டியவரினும் தாழ்ந்தவரல்லர் என்பதையும் அறிந்திருந்தான். நெடுங்காலம் இடிந்து பிளந்து நின்ற அந்த இராசகோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்ததை இவ்வவையினருள் பலர் கண்ணாரக் கண்டவர்கள்.

ஒவ்வொரு குடியிலும் இவ்வாறு ஒருவர் தோன்றக் கூடும். முதன்முதலாகக் குடியை விட்ட தந்தையாகவோ, மறைக்காமல் பேசிய தாயாகவோ, வரமாட்டேன் என்ற சிறுமியாகவோ அவர் இருக்கலாம். மேலிருந்து வந்த வெள்ளத்தை நெஞ்சிலேற்று, பொங்கி, உடைந்து, தணித்து, அடுத்தவருக்கு இதமாக இறக்கித் தரும் பொங்குமாங்கடல் அவரே. ஆனால் பாறைகள் சூழ்ந்து தாங்காவிடில் அப்பள்ளமும் நில்லாது. மருத்துவரும் ஆலோசகரும் ஆசிரியரும் சட்டமும் ஊரும் அவரைச் சுற்றி நிற்கும் பாறைகளாதல் வேண்டும். குடும்பத்தின் பழுதை நீக்க முன்வந்தவரைக் குடிகாரன் வீட்டார் என்று பழித்த நாவுகள், பாண்டிய மன்னனைப் போல் அவரைப் பணியக் கற்கும் நாளில் இவ்வூர் இன்னும் பெருமை பெறும்.